அப்பாவின் வண்டியும் ரிட்டர்ன் சப்ளையும்

ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர்கள் ஆறு பேர் சேர்ந்து எங்கள் வண்டியைத் தள்ளிக் கொடுத்தார்கள். வீடு மாதிரி கட்டிய பழைய டெம்போ டிராவலர் அது. உள்ளே இரண்டு கட்டில், ஒரு சிங்க், ஒரு சின்ன ஃபிரிட்ஜ், அம்மாவின் இட்லிக் குண்டான், அப்புறம் அம்மா. இறங்க மாட்டேன் என்று விட்டாள். "நான் ஒருத்தி இறங்கினா எடை குறைஞ்சிடுமா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். லேசான இறக்கம் இருந்ததால் தப்பித்தோம். அப்பா இரண்டாவது கியரில் போட்டுக் கிளட்சை விட்டார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு எழுந்தது. தள்ளியவர்களில் பெரியவர் கையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "பேட்டரிய மாத்துங்க சார்."

ஆறு வருஷமாக எல்லோரும் சொன்னது அதைத்தான். நாங்களும் மாற்றிக்கொண்டேதான் இருந்தோம்.

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். 33 வருஷம் கம்பம் ஏறியவர், கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் அவர் ஏறாத கம்பம் குறைவு. ஓய்வு பெற்ற பணத்தில் நிலம் வாங்குவார் என்று சித்தப்பாக்கள் காத்திருக்க, அவர் 2018-ல் பெங்களூரு போய் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். 2007 மாடல். யாரோ ஒரு குடும்பம் ஆசையாகக் கட்டி, பிள்ளைகள் வெளிநாடு போனதும் விற்றுவிட்டது. அம்மா ஒரு மாதம் பேசவில்லை. அப்புறம் ஏற்காடு போய் வந்தார்கள். அப்புறம் அம்மாதான் எங்கே போகலாம் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

இந்த மாதிரி வண்டியில் இரண்டு பேட்டரி இருக்கும். ஒன்று எஞ்சினுக்கு. செல்ஃப் அடிக்கும் அந்த இரண்டு மூன்று நொடிக்கு அள்ளிக் கொடுக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கலாம். இன்னொன்று வீட்டுக்கு. விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர் பம்ப், ஃபோன் சார்ஜ் எல்லாம் அதில்தான் ஓடும். எங்களுடையது வீடுகளில் இன்வெர்ட்டருக்கு வைக்கும் அதே 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி. வண்டி ஓடும்போது, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் இரண்டையும் சார்ஜ் செய்ய வேண்டும். நின்றபோது வீட்டு பேட்டரி காலியானாலும் எஞ்சின் பேட்டரியைத் தொடக் கூடாது. இந்தப் பங்காளிச் சண்டையைத் தீர்த்து வைக்க நடுவில் ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் ஐசொலேட்டர்.

அந்தப் பெயரே அப்பாவைக் குழப்பிவிட்டது. சப்ஸ்டேஷனில் ஐசொலேட்டர் என்றால் கைப்பிடி போட்டு இழுக்கிற, கத்தி மாதிரி பெரிய சுவிட்ச். பிரேக்கரைத் திறந்து லோடு எடுத்த பிறகு அதை இழுப்பார்கள், கம்பி பிரிந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். வண்டியில் அப்படி எதுவும் இல்லை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், நீல வண்ணம் பூசிய அலுமினியக் கட்டி ஒன்றுதான் இருந்தது. மேலே சீப்புப் பல் மாதிரி பட்டை பட்டையாக இருக்கும், நடுவில் வரிசையாக மூன்று போல்ட். "ஐசொலேட்டர்னா கைப்பிடி இருக்கணுமே" என்று அப்பா வண்டி வாங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை. சத்தம் போடாத பொருளை யாரும் சந்தேகப்படுவதில்லை.

சரி, ஒகேனக்கல் கதைக்கு வருகிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி, பென்னாகரம் வழியாக 90 கிலோமீட்டர் சொச்சம். பென்னாகரத்தில் சாப்பிட நின்றதையும் சேர்த்து மூன்று மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரம் ஓடிய வண்டியில் வீட்டு பேட்டரி ஓரளவாவது தேறியிருக்க வேண்டும். இரவு ஃபிரிட்ஜ் ஓடியது, ஃபேன் ஓடியது. காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரே சத்தம். செல்ஃப் சுற்றவில்லை. என் கைப்பையில் மல்டிமீட்டர் இருக்கும். ஓசூரில் நான் பார்ப்பது கணக்கு வேலைதான், ஆனால் லைன்மேன் மகள். வீட்டு பேட்டரியில் 11.2 வோல்ட். எஞ்சின் பேட்டரியில் 11.8.

ஈய அமில பேட்டரிக்கு ஓய்வில் 12.7 என்றால் முழுசு, 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் கிட்டத்தட்ட காலி. வீட்டு பேட்டரி காலியானதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் எஞ்சின் பேட்டரி எப்படிக் காலியானது? இரவெல்லாம் அதில் எந்த வேலையும் ஓடவில்லை. ஐசொலேட்டர் இருப்பதே அதைக் காப்பாற்றத்தான்.

வரும் வழியில் தொப்பூர் பக்கம் எல்லாம் போகிற திட்டம் இருந்தது. எஞ்சினை எங்கேயும் அணைக்கக் கூடாது என்பதால் நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம். அம்மா வாங்கிய மீன் வறுவல் மடியிலேயே ஆறிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். கட்டில் பலகையைத் தூக்கியதும் முதலில் வந்தது அம்மாவின் கம்பளிகள். மொத்தம் நான்கு. அந்த அலுமினியக் கட்டியைச் சுற்றி அடைத்து வைத்திருந்தாள், ஏற்காட்டுக் குளிருக்கு. அதன் பட்டைகளுக்கு நடுவே கேழ்வரகு மாவு மாதிரி தூசி, ஒரு கரப்பான் இறகு. ஓரத்துப் போல்ட் ஒன்றில் பச்சை பூத்திருந்தது. அந்தப் போல்ட்டுக்குப் போகும் ஒயரின் உறை ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

எஞ்சினை ஓடவிட்டு அளந்தேன். நடுப் போல்ட்டுக்கு ஆல்டர்நேட்டரிலிருந்து வருகிறது: 14.1 வோல்ட். எஞ்சின் பேட்டரிக்குப் போகும் போல்ட்டில்: 14.1. வீட்டு பேட்டரிக்குப் போகும் போல்ட்டில்: 13.4. வீட்டு பேட்டரியின் தலையிலேயே மீட்டரை வைத்தால்: 13.1.

நோட்டில் எழுதிக்கொண்டேன்: எஞ்சின் பக்கம் நல்லது, வீட்டுப் பக்கம் பழுது. எழுதிய கையோடு பெங்களூரு ரோட்டில் ஆட்டோ எலக்ட்ரிக் கடை வைத்திருக்கும் பாய்க்கு ஃபோன் போட்டேன். கிருஷ்ணகிரி லாரிகள் சந்திக்கும் ஊர். பெங்களூரு, சேலம் போகும் 44-ம் நம்பர் ரோடு, சென்னைப் பக்கம் போகும் 48, திண்டிவனம் போகும் 77 எல்லாம் இங்கே கூடுகின்றன. அதனால் ஒயர் வேலை தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் இல்லை. பாய் 40 வருஷமாக லாரிக்கு அடியில் படுத்திருக்கிறார். நான் எண்களை வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அம்மா, அது டையோடு டைப்பா? பட்டை பட்டையா இருக்குமே."

"ஆமா பாய்."

"அப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி குறையணும்மா. ஒரு பக்கம் குறையாம அப்படியே வருதுன்னா, அதுதான் செத்த பக்கம்."

இதை நான் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்களுக்கும் விளக்கிவிடுகிறேன், இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டையோடு என்பது ஒருவழிப் பாதை. ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரிக்கு மின்சாரம் போகலாம், திரும்பி வர முடியாது. இரண்டு பேட்டரிக்கும் தனித்தனி டையோடு இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் போக முடியாது. ஆனால் இந்த ஒருவழிப் பாதையில் சுங்கச்சாவடி உண்டு. சிலிக்கான் டையோடு ஒவ்வொன்றும் தன்னைக் கடந்து போவதற்கு சுமார் 0.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 14.1 வந்தால் 13.4-தான் வெளியே போகும். அது பழுதில்லை, அதன் குணமே அப்படி. ஆக, நான் பழுது என்று எழுதிய வீட்டுப் பக்கம் ஒழுங்காகச் சுங்கம் வசூலித்துக்கொண்டிருந்தது. எஞ்சின் பக்கத்தில் சாவடியே இடிந்து விழுந்துவிட்டது. உள்ளே டையோடு ஷார்ட் ஆகி வெறும் இரும்புத் துண்டாக இருக்கிறது. போகலாம், வரலாம், கேட்க ஆள் இல்லை.

அதனால்தான் ஒகேனக்கல்லில் இரவு நடந்தது நடந்தது. வீட்டு பேட்டரி இறங்க இறங்க, எஞ்சின் பேட்டரி தன் செத்த டையோடு வழியாகப் பின்பக்கமாக நடுப் போல்ட்டுக்கு வந்து, அங்கிருந்து நல்ல டையோடு வழியாக வீட்டுக்குள் இறங்கியிருக்கிறது. ஃபிரிட்ஜை ஓட்டியது இரண்டு பேட்டரியும் சேர்ந்து. 11.2-க்கும் 11.8-க்கும் நடுவே இருந்த அந்த 0.6 கூட நல்ல டையோடு வாங்கிய சுங்கம்தான்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மாறியது. "ரிட்டர்ன் சப்ளை" என்றார். லைன்மேன்கள் அதிகம் பயப்படுவது அதற்குத்தான். லைனை ஆஃப் செய்துவிட்டுக் கம்பம் ஏறியிருப்பார்கள். ஊருக்குள் யாரோ ஒருவர் ஜெனரேட்டரை முறையாகப் பிரிக்காமல் ஓட்டுவார். வீட்டிலிருந்து மின்சாரம் பின்னாலேயே கம்பத்துக்கு வரும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறினால் 230 வோல்ட் 11,000 வோல்ட்டாகிவிடும். அப்பா தன்னோடு வேலை பார்த்த ஒருவரை அப்படி இழந்திருக்கிறார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த நீலக் கட்டியை அவர் பார்த்த பார்வை வேறு.

பேட்டரிகள் ஏன் சாகின்றன என்ற கேள்விக்கும் பதில் அங்கேயே இருந்தது. நீர் ஊற்றும் டியூபுலர் பேட்டரி முழுசாக நிரம்ப 14.4 வோல்ட் பக்கம் வேண்டும். எங்கள் பேட்டரிக்குக் கிடைத்தது 13.1. சுங்கத்துக்கு 0.7, மிச்சம் 0.3 ஒயரிலேயே காணாமல் போயிருந்தது. போட்டிருந்தது 10 ஸ்கொயர் ஒயர் (செம்பின் குறுக்குவெட்டு 10 சதுர மில்லிமீட்டர்), ஐந்து மீட்டர் நீளம். 40 ஆம்பியர் ஓடினால் அந்தச் செம்பே 0.35 வோல்ட் தின்னும். மூன்று மணி நேரம் ஓட்டினாலும் முக்கால்வாசி கூட ஏறாது. அரைகுறையாக நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்ஃபேட் படிந்து இறுகிப்போகும், அப்புறம் கரையாது. பதினைந்தாயிரம் சொச்சம் கொடுத்து வாங்கிய பேட்டரி இரண்டு வருஷத்தில் பொசுங்கும். நாங்கள் கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்ததை வாங்குவோம். மூன்று பேட்டரிகள். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

டையோடு ஏன் ஷார்ட் ஆனது என்பதற்கும் அந்த 0.7-ஐக் கொண்டே கணக்குப் போடலாம். 40 ஆம்பியரோடு பெருக்கினால் 28 வாட். ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் சூடு. அந்தப் பட்டைகள் இருப்பதே சூட்டைக் காற்றில் விடத்தான். அதைக் கட்டிலுக்கு அடியில், காற்றுப் போகாத பெட்டியில், மேலே நான்கு கம்பளி போர்த்தி வைத்தால் என்ன ஆகும்? கம்பளி பற்றிக்கொள்ளாததுதான் எங்கள் குலதெய்வம் செய்த காரியம். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. இப்போது படிப்பாள்.

கழற்றுகிற வேலை அப்பாவுடையது. 13-ம் நம்பர் ரிங் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "அப்பா, மைனஸ கழட்டிட்டு..." என்று ஆரம்பித்தேன். "பதினோராயிரம் வோல்ட்டையே பார்த்தவன்டா பாப்பா. பன்னெண்டு வோல்ட்டு என்ன பண்ணும்?" என்று கேட்டுக்கொண்டே போல்ட்டைத் திருகினார். ஸ்பேனரின் மறுமுனை கட்டிலின் இரும்புச் சட்டத்தைத் தொட்டது.

தீபாவளிச் சங்குச்சக்கரம் மாதிரி ஒரு நீல வெளிச்சம். ஸ்பேனர் கையிலிருந்து எகிறி விழுந்தது. அம்மா சமையலறையிலிருந்து "என்ன வெடிச்சுது?" என்று கத்தினாள். நாங்கள் இரண்டு பேரும் "ஒண்ணுமில்ல" என்றோம். ஸ்பேனரை எடுத்துப் பார்த்தால் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு பள்ளம். இரும்பு உருகி ஓடியிருக்கிறது. 12 வோல்ட் உடம்பில் ஏறி ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் பேட்டரி நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கக்கும். நடுவில் மாட்டியது ஸ்பேனராக இல்லாமல் மோதிரமாகவோ வாட்ச் பட்டையாகவோ இருந்திருந்தால் சதை வெந்திருக்கும்.

அப்பா சும்மா எழுந்தார். வாட்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். அப்புறம் சொன்னார்: "எல்.சி. வாங்கிட்டு ஆரம்பிக்கலாம்."

எல்.சி. என்றால் லைன் கிளியர். அது கைக்கு வராமல் எந்த லைன்மேனும் கம்பத்தில் கால் வைக்க மாட்டார். எங்கெங்கேயிருந்து சப்ளை வரும் என்று பார்த்து, எல்லாவற்றையும் பிரித்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, எர்த் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். அன்றைக்கு அப்பா திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகக் கேட்கக் கேட்க நான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கூரையில் இருக்கும் சோலார் பேனலின் ஒயர் முதலில். பேட்டரியை முதலில் கழற்றி வெறும் பேனலை, அதன் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் விட்டால் கன்ட்ரோலர் கெட்டுப்போகலாம். அப்புறம் வீட்டு கரன்ட்டில் மாட்டியிருக்கும் சார்ஜர். அப்புறம் வீட்டு பேட்டரி மைனஸ். கடைசியில் எஞ்சின் பேட்டரி மைனஸ். மைனஸை முதலில் எடுத்துவிட்டால் அப்புறம் பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பேனர் வண்டியின் பாடியைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. மாட்டும்போது மைனஸ் கடைசி. ஒவ்வொன்றுக்கும் நான் "ஆச்சு" என்றேன். மீட்டர் வைத்து மூன்று போல்ட்டிலும் பூஜ்யம் காட்டினேன். "எல்.சி. கொடுத்தாச்சு, ஏறு" என்றார்.

ஒயர்களைக் கழற்றியபின் மீட்டரை டையோடு குறியில் வைத்துப் பார்த்தேன். வீட்டுப் பக்கம் ஒரு திசையில் 0.5, முனைகளை மாற்றிப் பிடித்தால் ஒன்றும் இல்லை. அதுதான் நல்ல டையோடு. எஞ்சின் பக்கம் இப்படிப் பிடித்தாலும் 0.00, அப்படிப் பிடித்தாலும் 0.00. பாய் ஃபோனிலேயே பிடித்துவிட்டார்.

இனி எதைப் போடுவது என்ற பேச்சு. அதே மாதிரி டையோடு ஐசொலேட்டரைப் புதிதாகப் போட்டால் வேலை அரை மணி நேரம். ஆனால் சுங்கச்சாவடி திரும்ப வந்துவிடும். டவுனில் ஒரு உதிரிபாகக் கடையில் செல்ஃப் ரிலே ஒன்றை நீட்டினார்கள். ரிலே என்றால் மின்சாரத்தாலேயே சேர்ந்து பிரியும் சுவிட்ச். "லாரிக்கே போடறது மேடம், எவ்வளவு கரன்ட்டும் தாங்கும்." தாங்கும்தான், சில நொடிகளுக்கு. செல்ஃப் அடிக்கும் நேரம் மட்டும் வேலை செய்யச் செய்தது அது. மணிக்கணக்கில் பிடித்து வைத்தால் அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் சூடேறி எரியும். இந்த வேலைக்குத் தொடர்ந்து ஓடும் வகை ரிலே வேண்டும், வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். நல்ல வகையைப் போட்டால்கூட, சாவி போட்டவுடன் இரண்டு பேட்டரியையும் சேர்த்துவிடும் அமைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. செல்ஃப் அடிக்கும்போதே வீட்டு பேட்டரியிலிருந்தும் இழுக்கும், அந்த ஒயர் அதற்குத் தயாரில்லை.

நான் எடுத்தது வோல்டேஜ் பார்த்துச் சேரும் ரிலே. எங்கள் பக்கத்து ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இது சுலபம். அம்மாவின் ஊர் போச்சம்பள்ளிப் பக்கம். அங்கே மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த பிறகுதான் கீழ் ஏரிக்குத் தண்ணீர். இந்த ரிலேவும் ஒரு கலங்கல். எஞ்சின் பேட்டரியின் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே இருக்கும். வண்டி ஓடி அது 13.3-க்கு ஏறினால், முதல் ஏரி தேறிவிட்டது என்று கதவைத் திறந்து வீட்டு பேட்டரியையும் சேர்த்துக்கொள்ளும். வண்டி நின்று 12.8-க்கு இறங்கினால் பிரித்துவிடும். சேர்ந்திருக்கும்போது செம்போடு செம்பு தொடுவதால் சுங்கம் கிடையாது. இணையத்தில் வாங்கினேன். பெட்டி மேல் படகுப் படம் போட்டிருந்தது, படகுகளுக்கும் இதைத்தான் போடுகிறார்கள். "பரிசலுக்கு வாங்கினியா?" என்றார் அப்பா.

லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே பின்பற்றாதீர்கள். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் சும்மா இருக்கும்போதே 13.3 பக்கம் நிற்கும். ரிலே ஒருமுறை சேர்ந்தால் பிரியவே பிரியாது. அதற்கும், எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்படி வோல்டேஜை ஏற்றி இறக்கும் ஆல்டர்நேட்டர் உள்ள புது வண்டிகளுக்கும் டி.சி. டு டி.சி. சார்ஜர்தான் சரி. எங்கள் 2007-க்கு அந்த நாகரிகம் எல்லாம் இல்லை.

பழையதில் மூன்று போல்ட், புதியதில் இரண்டு. இந்த இடத்தில் பலர் சறுக்குவார்கள் என்று நினைக்கிறேன், நானும் அரை மணி நேரம் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன். பழைய அமைப்பில் ஆல்டர்நேட்டர் ஒயர் நேராக ஐசொலேட்டரின் நடுப் போல்ட்டுக்கு வரும். எஞ்சின் பேட்டரியோடு அதற்கு நேரடித் தொடர்பே கிடையாது. ஐசொலேட்டரைத் தூக்கிவிட்டு அந்த ஒயரை அந்தரத்தில் விட்டு எஞ்சினை ஓட்டினால், பிடித்து நிறுத்தப் பேட்டரி இல்லாமல் ஆல்டர்நேட்டரின் வோல்டேஜ் எகிறி அதன் உள் டையோடுகள் போய்விடும். எனவே ஆல்டர்நேட்டர் ஒயரையும் எஞ்சின் பேட்டரி ஒயரையும் முதலில் ஒன்று சேர்க்க வேண்டும், சாதாரண வண்டி மாதிரி. அந்தச் சேர்ந்த முனையிலிருந்து ரிலேவின் ஒரு போல்ட். இன்னொரு போல்ட்டிலிருந்து வீட்டு பேட்டரி. அவ்வளவுதான்.

ஒயரை 25 ஸ்கொயருக்கு மாற்றினோம். ஒயர் முனையில் மாட்டும் லக்கை அடிக்க சுத்தியல் வேண்டாம் என்று அப்பா பிடிவாதம். போர் மோட்டார் கடையில் லக்கை அழுத்திப் பிடிக்கும் ஹைட்ராலிக் கிரிம்ப் இருக்கும், ஆயிரம் அடிக்குக் கீழே மோட்டார் இறக்குகிற ஊரில் அவர்கள் அடிக்கும் லக் கழன்று வராது. ஒயரை அளந்து வெட்டிக்கொண்டு போனோம், அடித்துக் கொடுத்துவிட்டு டீக்காசு வாங்கிக்கொண்டார்கள். ஃபியூஸ் இரண்டு, ஒயரின் இரண்டு முனையிலும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே. பழைய வேலையில் ஒன்றுதான் இருந்தது. எனக்கே ஒன்று போதுமே என்று தோன்றியது. அப்பா விடவில்லை. "ரெண்டு பக்கமும் சப்ளை இருக்கிற லைனுக்கு ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போட்டா, நடுவுல அறுந்து விழுந்தா அந்தப் பக்கம் யார் நிறுத்துவா?" ஃபியூஸின் அளவு ஒயர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும், அதனால் 100 ஆம்பியர்.

இடத்தையும் மாற்றினோம். கட்டிலுக்கு அடியில் இனி கம்பளி மட்டும்.

எல்லாம் மாட்டி, மைனஸைக் கடைசியாகப் போட்டு, எஞ்சினை எழுப்பினேன். 12.9... 13.1... 13.3... டக். ரிலேவின் விளக்கு எரிந்தது. உடனே டக், அணைந்தது. டக். டக். டக். வயிற்றுக்குள் அடிப்பது மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் புத்தகம், பாய், மறுபடி புத்தகம். அப்பாதான் கண்டுபிடித்தார். ரிலேவுக்கு மெல்லிய எர்த் ஒயர் ஒன்று உண்டு, அதை வைத்துத்தான் அது வோல்டேஜை அளக்கும். நான் அதைப் பக்கத்தில் வசதியாக இருந்த ஒரு பிராக்கெட்டில் திருகியிருந்தேன். பிராக்கெட் முழுக்கப் பெயின்ட், பெயின்ட்டுக்குக் கீழே துரு. எர்த் சரியில்லாததால் அது பார்க்கும் அளவு ஆடிக்கொண்டே இருந்தது. உப்புத்தாளால் பாடியின் இரும்புச் சட்டத்தில் ஒரு ரூபாய் அளவுக்குப் பளபளவென்று தேய்த்து அங்கே மாற்றினோம். டக் என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் அமைதி. "எர்த் போடத் தெரியாதவளுக்கு எல்.சி. கொடுத்தேன் பாரு" என்றார்.

வீட்டு பேட்டரியின் தலையில் 13.9. முன்பு 13.1.

போன மாதம் மறுபடி ஒகேனக்கல் போனோம். எஞ்சினை அணைத்துக் கொஞ்ச நேரத்தில், சார்ஜ் ஆகும்போது ஏறியிருந்த பேட்டரி வோல்டேஜ் இறங்கியதும், டிரைவர் சீட் பக்கம் மெல்ல ஒரு 'டக்'. அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "பல்லி சொல்லுது" என்று தரையை மூன்று முறை தட்டினாள். நாங்கள் திருத்தவில்லை. இரவு முழுக்க ஃபிரிட்ஜ் ஓடியது. காலையில் வீட்டு பேட்டரி 12.3, எஞ்சின் பேட்டரி 12.7. செல்ஃப் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. பரிசல் பெரியவர் எங்களைப் பார்த்ததும் தள்ளுவதற்காக லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், பாவம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

பழைய ஐசொலேட்டரைக் காயலான் கடைக்குப் போடச் சொன்னேன். அப்பா அதைத் துடைத்து, எலி கடித்த ஸ்பேனரோடு சேர்த்துத் துணியில் சுற்றி வண்டியின் டூல் பாக்ஸில் வைத்திருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "அதுல ஒரு டையோடு நல்லாத்தானே இருக்கு" என்கிறார்.